பவனில் யாரும் உட்காராத இடம்

பெங்களூரு ஜோகுபாளையத்தில் அந்த நிலம் மட்டும் இத்தனை வருடம் எப்படிக் காலியாகக் கிடந்தது என்று யாரும் கேட்கவில்லை. மழைநீர்க் கால்வாயின் மேலேயே பலகை போட்டுக் கடை கட்டி, அதையும் உள்வாடகைக்கு விடுகிற ஊர் இது. சுற்றிலும் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. நடுவில், பத்துக் கார்கள் நிற்கக்கூடிய ஒரு துண்டு நிலம், வேலியோ குடிசையோ கோயிலோ இல்லாமல், எருக்கஞ்செடி முளைத்துக் கிடந்தது. அரசு நிலம் என்று ஒரு தகரப் பலகை இருந்தது. பலகைக்குப் பயப்படுகிறவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

லாயிட் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தார்.

அவருக்குப் பொம்மசந்திராவில் பம்பு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. தெருச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மகள் லவினாவின் கல்யாண விருந்தைத் தெருவில் ஷாமியானா போட்டு நடத்தியபோது மழை பிடித்துக்கொண்டது. பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. கால்வாய்த் தண்ணீர் ஏறி வந்து பிரியாணி டேக்சாவைச் சுற்றிக்கொண்டது. வெள்ளை கவுனை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி மணப்பெண் ஆட்டோவில் ஏறினாள். அன்றிலிருந்து லாயிட்டுக்கு ஒரே நினைப்பு: தெருவுக்கு ஒரு சமுதாயக் கூடம். தெருக்காரர்கள் கன்னட வழக்கப்படி அதை ‘பவன்’ என்றே சொன்னார்கள்.

மாநில அரசின் மானியத்துக்காக நான்கு அலுவலகங்களுக்கு மாறி மாறி நடந்தார். தெருவில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், பாதிப் பேர் இந்துக்கள். எந்தத் துறையின் பணத்திலிருந்து கொடுப்பது என்பதிலேயே ஒரு வருடம் போயிற்று. கடைசியில் எம்.எல்.ஏ. பரிந்துரையுடன் பொது நிதியிலிருந்து வந்தது. நிபந்தனைகள் இரண்டு. மார்ச் மாதத்துக்குள் வேலை முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும், இடமும் நேரமும் படத்திலேயே பதிகிறபடி போனில் புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டும். கடைசிப் படத்தில் கூடம் நிறையப் பயனாளிகள் இருக்க வேண்டும்.

இடத்தை முடிவு செய்யத் தெருமுனையில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் எல்லாரும் அந்தக் காலி நிலத்தையே சொன்னார்கள். முத்தம்மா மட்டும் எழுந்து நின்றாள். அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் பாதிப் பேரைப் பிறந்ததும் முதலில் கையில் வாங்கியவள் அவள்தான்.

“அங்க வேணாம்பா. தண்ணித் தொட்டி பக்கம் கட்டுங்க.”

“ஏன்க்கா, அங்க இன்னா?” என்றார் லாயிட்.

“தண்ணி நிக்கிற எடம்.”

“போன மழையில தெருவே முழுகுச்சு, அங்க மட்டும் ஒரு சொட்டு நிக்கல,” என்றான் ஒருவன். “கெழவிக்கு அங்க கோழி மேய்க்கணும், அதான்!”

எல்லாரும் சிரித்தார்கள். முத்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரியில் குத்தலி பூஜை என்கிற பூமி பூஜை நடந்தது. எம்.எல்.ஏ. பூச்சுற்றிய குந்தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மண்ணைத் தொடுவதற்கு முன்பே படம் எடுத்துவிட்டார்கள். அடுத்த நாள் மேஸ்திரி நாகேஷின் ஆட்கள் தூண்களுக்குக் குழி தோண்டினார்கள். முதல் நாள் மூன்று குழி. இரண்டு கால்வாய்ச் சுவரோரம், ஒன்று சரியாக நடுவில். தோண்டிய மண் உடனே டிப்பர் லாரியில் ஏறியது. பொம்மசந்திராவில் யாரோ ஷெட் போடப் பள்ளத்தை நிரப்புகிறார்களாம், மண் கேட்டிருந்தார்கள்.

மாலையில் வேலை முடிந்து வந்த லாயிட் நடுக்குழியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். மார்பளவு ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். அரசு பொறியாளர் ரகுராமுக்குப் போன் போட்டார்.

“சார், கூடத்துக்கு நடுவுல தூண் வந்தா மேடை எப்படித் தெரியும்? பொண்ணு மாப்பிள்ளைய யாரும் பார்க்க முடியாதே.”

“லாயிட் அவரே, டிராயிங்ல இருக்கு அல்லவா?”

“கொஞ்சம் பாத்துக் குடுங்க சார். தெருவே உங்கள வாழ்த்தும்.”

ரகுராம் நல்ல மனிதர். கூரையின் பீமைக் கனமாக்கித் தூணை எடுத்துவிடச் சம்மதித்தார். மறுநாள் காலை நாகேஷ் நடுக்குழியை உடைந்த செங்கல்லும் சிமெண்ட் கழிவும் போட்டு மூடினான். மேலே எம்-சேண்ட் மணலைத் தூவித் தட்டிவிட்டான். மதியம் அங்கே குழி இருந்த அடையாளமே இல்லை.

அதற்கு அடுத்த நாள் டிப்பர் டிரைவர் ஒரு சின்னப் பொருளைக் கொண்டுவந்து நாகேஷிடம் கொடுத்தான். மண்ணைக் கொட்டும்போது உருண்டு வந்ததாம். நாகேஷ் அதை லாயிட்டிடம் நீட்டினான்.

“பழைய பித்தளை அண்ணா. பூஜை சாமானா பாருங்க.”

பச்சைக் களிம்பு ஏறிய ஒரு பாலாடை. குழந்தைக்குப் பால் புகட்டுகிற, ஒரு பக்கம் மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். ஒரு காலத்தில் இங்கே பாத்திரக் கடை இருந்திருக்கும் என்று லாயிட் நினைத்தார். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் புளி போட்டுத் தேய்த்தார். பளபளவென்று வந்தது. ஷோகேஸில் லவினாவின் பள்ளிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மர்பி டவுனில் எல்.கே.ஜி. டீச்சராக இருக்கிற அவர் மனைவி டோரீன், பள்ளிவிட்டு வந்து கைப்பையை மாட்டும்போது அதைப் பார்த்தாள்.

“இது எங்கேருந்து வந்துச்சு?”

“பவன் தோண்டின மண்ணுல கெடைச்சது. ஆன்டிக்! நல்லா இருக்கு இல்ல?”

டோரீன் கைப்பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது குடிக்கவில்லை.

“நம்ம மொதப் பிள்ளைய எங்க வச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

லவினாவுக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை. அழாமலே பிறந்தது. லாயிட்டுக்கு அது நன்றாக நினைவிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் வந்து, “நீங்க வீட்டுக்குப் போங்க, முத்தம்மா பாத்துக்குவா,” என்றார். அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலேயே ஏதோ ஏற்பாடு இருக்கும் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தார். கேட்டதில்லை.

“எங்கம்மா அல்சூர் பஜார்லேருந்து புதுப் பாலாடை வாங்கிட்டு வந்தாங்க,” என்றாள் டோரீன். “நான் கட்டில்ல படுத்துப் பார்த்துட்டே இருந்தேன். முத்தம்மாக்கா அதையும் துணியில சேத்துச் சுத்துனாங்க. ஒரு வாய் குடிக்காத பிள்ள, வெறுங்கையோட போகக் கூடாதுன்னு. எடுத்துட்டுப் போனாங்க. எங்கன்னு நான் கேக்கல. கேக்கக் கூடாது.”

பிறகு அவள் சொல்லித்தான் லாயிட்டுக்குத் தெரிந்தது. பெயர் வைப்பதற்கு முன் போன குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கிற வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. இந்து வீடானாலும் கிறிஸ்தவ வீடானாலும் அதற்கென்று ஒருத்தி உண்டு. பட்டப்பகலில், மார்க்கெட் பையைப் போல முந்தானைக்குள் வைத்து எடுத்துப்போவாள். பாலாடையோடு புதைப்பாள். போன வழியாகத் திரும்பாமல் வேறு வழியாக வீட்டுக்கு வருவாள். இடத்தை யாருக்கும், குறிப்பாகப் பெற்றவர்களுக்கு, சொல்ல மாட்டாள். சொன்னால் அவர்கள் அங்கே போய் நின்றுகொண்டே இருப்பார்கள். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்க்கும். அடுத்த பிள்ளை வராது.

லாயிட் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எருக்கஞ்செடிகளைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். இத்தனை வருடம் அங்கே யாரும் குடிசை போடாமல் பார்த்துக்கொண்டது யார் என்று இப்போது புரிந்தது. போட வந்தவர்களிடம் சில பெண்கள் ஏதோ ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். தண்ணீர் நிற்கிற இடம் என்று.

“கட்டடத்த நிறுத்தச் சொல்லல நான்,” என்றாள் டோரீன். “என் பிள்ள இன்னும் அங்கயே இருக்கா, இல்ல லாரியில ஏறிப் போயிடுச்சா? அது மட்டும் எனக்குத் தெரியணும்.”

“ரெண்டு நாள் மண்ணுதான் வெளிய எடுத்தாங்க. மொத நாள் மண்ணு மட்டுந்தான் போச்சு. இனிமே ஒரு கூடை கூடப் போகாது, நான் பாத்துக்கறேன்.”

“மொத நாள் எங்க தோண்டினாங்க?”

“கால்வா செவுரு ஓரத்துல.”

மூடிவிட்ட நடுக்குழி அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை. தூண் வராத இடத்தை அவர் ஏற்கெனவே குழியாக எண்ணுவதை விட்டிருந்தார்.

மறுநாள் ரகுராமிடம் விஷயத்தைப் பாதியாகச் சொன்னார். ரகுராம் பேனாவை மூடி வைத்தார்.

“எலும்பு ஏதாவது பந்தா, வந்துச்சா?”

“இல்ல சார்.”

“வரல அல்லவா, அப்ப நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா தாசில்தார், போலீஸ், ஸ்டே எல்லாம் வரும். மார்ச் போய்டும். உங்க தெருவுக்கு இன்னொரு தடவ இந்தப் பணம் வராது.” கொஞ்சம் இரக்கத்துடன் சேர்த்துக்கொண்டார்: “வீட்டம்மாவ ஸ்வல்பம் சமாதானம் பண்ணுங்க.”

டோரீன் முத்தம்மா வீட்டுக்குப் போனாள். லாயிட் வாசலிலேயே நின்றார். முத்தம்மா முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பாலாடையைக் கண்டதும் அவள் கை நின்றது.

“அக்கா, எடத்தக் காட்ட வேணாம். தோண்டின பக்கமா, தோண்டாத பக்கமா? அவ்ளோதான்.”

“கேக்காத டோரீனு.”

“இது என்னுதா?”

“எல்லாம் ஒரே கடையில வாங்கினதுதான். எனக்கு எப்புடித் தெரியும்?” முத்தம்மா முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். “எத்தினி பேர எடுத்துனு போயிருக்கேன். ஒருத்திக்குச் சொன்னா எல்லாரும் வருவாளுங்க. வேணாண்ணு அன்னிக்கே சொன்னேன். கோழி மேய்க்கறேன்னு சிரிச்சானுங்க உன் வூட்டுக்காரரும் அவுங்களும்.”

லாயிட் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும், டோரீன் பொம்மசந்திராவுக்குப் போக வேண்டும் என்றாள். ஓசூர் ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தார்கள். லாயிட்டின் தொழிற்சாலைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அந்த மனை. நிரப்பிய பள்ளம், மேலே ரோலர் ஓட்டிய தடம். எந்த லாரி எங்கே கொட்டியது என்று சொல்ல முடியாதபடி எல்லா ஊர் மண்ணும் ஒன்றாகிக் கிடந்தது. ஓர் இடத்தில் சிவப்பு, ஓர் இடத்தில் சாம்பல், நடுவில் யார் வீட்டுக் குளியலறையின் நீல டைல் துண்டுகளோ.

டோரீன் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடந்தாள். காலால் எதையோ கேட்பதுபோல ஒவ்வோர் அடிக்கும் நின்றாள்.

காவலாளி ஓடி வந்தான். “யாரும்மா நீங்க? சைட் பாக்க வந்தீங்களா?”

“ஆமா,” என்றார் லாயிட்.

“எல்லாம் புக் ஆயிடுச்சு சார்.”

திரும்பும் வழியில் டோரீன் ஒன்றே ஒன்று சொன்னாள். “இங்க இருக்கற மாதிரி தெரியல. ஆனா அப்படி எப்படித் தெரியும்?”

அன்று முதல் தினமும் காலையில் பாலாடையில் பால் ஊற்றி, சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். மாலையில் அது காய்ந்திருக்கும். காக்கையா, பூனையா, வெயிலா என்று லாயிட் பார்க்கவில்லை. பார்க்க வாய்ப்புக் கிடைத்த விடுமுறை நாட்களில் அவர் சமையலறைக்குள் போகாமல் இருந்தார்.

கட்டடம் எழும்பியது. வேலைக்கு வந்த ஒரு ராய்ச்சூர்ப் பெண் கூரையின் கம்பியில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டிருந்தாள். சுவர் எழுப்பியாகிவிட்டது, தரை இன்னும் போடவில்லை. குழந்தை தூளி விளிம்பில் முகத்தை வைத்து, வெறும் தரையின் நடுவையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. தாய் தூளியைத் திருப்பிக் கட்டினாள். குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டது. அதன் பிறகு அவள் அதை முதுகில் கட்டிக்கொண்டே செங்கல் சுமந்தாள். ஏன் என்று நாகேஷ் கேட்டதற்கு, தூளி அறுந்துவிடும்போல இருக்கிறது என்றாள்.

மார்ச் கடைசி வாரத்தில் டைல் போட்டு முடித்தார்கள். எம்.எல்.ஏ.வின் பெயர் பொறித்த கல் வந்தது. கடைசிப் படம் எடுக்க ரகுராம் சனிக்கிழமை காலை வருவதாகச் சொன்னார்.

லாயிட் ஜமுக்காளங்கள் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். கூடத்துக்குள் நுழைந்தபோது முத்தம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பெண்கள் கோரைப் பாய்களைச் சுமந்து வந்தார்கள்.

“ஜமுக்காளம் வேணாம்பா. எடத்தையே மூடிடும். பாயி போடறேன்.”

“எதுக்குக்கா, இது பெருசா இருக்கே?”

“நீ போயி நாற்காலி போடு. பொம்பளைங்க குந்தற எடத்த நான் பாத்துக்கறேன்.”

ஒவ்வொரு பாயாக அவளே விரித்தாள். விரித்து, தள்ளி நின்று பார்த்து, ஒன்றை ஒரு சாண் நகர்த்தினாள். இன்னொன்றைச் சுருட்டி வேறு பக்கம் போட்டாள். வரிசை கோணலாக வந்தது. அங்கங்கே பாய்களுக்கு நடுவில், ஒரு தலையணை வைக்கிற அளவுக்கு வெறும் டைல் தெரிந்தது.

பெண்கள் வந்தார்கள். வாசலில் செருப்பை விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எல்லாரும் விட்டுவிட்டு வந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய சிலர் அந்த வெற்று டைல்களைக் கண்டதும் கதவருகிலேயே நின்றார்கள். பிறகு பாயின் ஓரமாகவே நடந்து உட்கார்ந்தார்கள். தெருக்கோடி வீட்டு ஜெயலட்சுமி, பேரனைக் கையில் இறுகப் பிடித்து உட்கார வைத்தாள். யாரும் பேசவில்லை. கல்யாண வீட்டில் உட்காரச் சொன்னால் சளசளவென்று பேசுகிற பெண்கள்.

ரகுராம் மேடையில் ஏறிப் போனை உயர்த்தினார். இறக்கினார்.

“ஏன்மா நடுவுல இவ்ளோ கேப்? ஒத்திக்கோங்க, ஒத்திக்கோங்க. ஹால் ஃபுல்லா தெரியணும். மேல ஆபீஸ்ல வாபஸ் அனுப்பிடுவாங்க.”

ஒருத்தியும் அசையவில்லை.

“கேக்குதா இல்லையா? பேகா, பேகா, சீக்கிரம். லாயிட் அவரே, நீங்களாவது போய் அந்த நடு கேப்ல நில்லுங்க. ஃபோட்டோ முடிஞ்சா நான் கிளம்பறேன்.”

லாயிட் இரண்டடி வைத்தார். டோரீன் கதவருகே தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். மற்ற பெண்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் எங்கே உட்காருவது என்று தெரியாமல், ஒவ்வொரு வெற்றிடமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைப்பைக்குள் பாலாடையைப் பிடித்திருக்கிறாள் என்று கையின் வடிவிலேயே தெரிந்தது.

முத்தம்மா எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாய்களைச் சுற்றி நடந்து, கூடத்தின் நடுவில் இருந்த பாயை வந்தடைந்தாள். அதன் ஒரு முனையில் உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டினாள்.

“நின்னுனே இருந்தா காலு வலிக்கும் டோரீனு. இங்க வந்து குந்து.”

அவ்வளவுதான் சொன்னாள். இடத்தைக் காட்டவில்லை. பார்க்கவுமில்லை.

டோரீன் வந்தாள். உட்கார்ந்தாள். அவள் முழங்காலுக்கு முன்னால் ஒரு வெற்று டைல், கூடத்தின் சரிநடுவில், நான்கு தூண்களிலிருந்தும் தள்ளி. சுவரோரம் இல்லை. தோண்டாத பக்கம். அவள் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பிறகு அந்த டைலைப் பார்த்தாள். முகம் மெல்ல அவிழ்ந்தது. பையிலிருந்து பாலாடையை எடுத்து அதன் மேல் வைத்தாள். லாயிட்டை நிமிர்ந்து பார்த்தாள். லவினா பிறந்த அன்று அப்படிப் பார்த்திருக்கிறாள்.

“இங்கதாங்க,” என்றாள், சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய. “போகல.”

லாயிட் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த டைல் இருந்த இடத்தை அவருக்குத் தெரியும். டைலுக்குக் கீழே எம்-சேண்ட். அதற்குக் கீழே மார்பளவு ஆழத்துக்கு உடைந்த செங்கல்லும் சிமெண்ட் கழிவும். அங்கிருந்த மண் முதல் நாளே லாரியில் ஏறிவிட்டது. மேடையை மறைக்கிறது என்று அவர் எடுக்கச் சொன்ன தூணின் குழி அது.

நாகேஷ் கதவருகே நின்றிருந்தான். அவனும் அந்த டைலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கப்போனான். லாயிட் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

“லாயிட் அவரே!” என்று ரகுராம் மேடையிலிருந்து கத்தினார். “கேப்!”

“அப்படியே எடுங்க சார்,” என்றார் லாயிட். “எல்லாரும் வந்தாச்சு.”

ரகுராம் எதுவோ முணுமுணுத்துக்கொண்டு எடுத்தார். கூட்டம் கலைந்தபோது முத்தம்மா லாயிட்டின் கையைப் பிடித்து எழுந்தாள்.

“சொல்லாமலே சொல்லிட்டேன்பா. தப்பா?”

“இல்லக்கா.”

“பாவம், அவ மனசும் இத்தினி வருசம் அலைஞ்சுது. நல்லா தூங்கட்டும்.”

டோரீன் அன்று மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து நிறையச் சாப்பிட்டாள். சமையலறை ஜன்னலைத் துடைத்து, அங்கே பழையபடி உப்பு ஜாடியை வைத்தாள். இரவு படுத்ததும் தூங்கிப்போனாள். லாயிட் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். இரண்டு முறை, “டோரீன்,” என்று ஆரம்பித்தார். இரண்டு முறையும் அவள் விழித்துக்கொள்ளாதது நல்லது என்று நினைத்தார்.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்ததும் அவர் கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. இரண்டு தெரு தள்ளி நடந்தார். மனையில் ஷெட்டுக்கு இரும்புத் தூண்கள் நட்டிருந்தார்கள். ஒரு மூலையில் இன்னும் மண் தெரிந்தது. காவலாளி டீ குடிக்கப் போயிருந்தான். ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். வழியில் வாங்கிய பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்து, குனிந்து, மெதுவாக ஊற்றினார். மண் அதை உடனே குடித்துவிட்டது. லாயிட் சற்று நேரம் காத்திருந்தார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தார். ஓசூர் ரோட்டில் அவர் பஸ் ஏறும் நிறுத்தம் எதிரிலேயே தெரிந்தது. அந்தப் பக்கம் போகாமல், ஷெட்டுகளின் பின்புறமாக, தெரியாத தெரு ஒன்றில் நுழைந்து, வேறு வழியாக வீட்டுக்குக் கிளம்பினார். திரும்பிப் பார்க்கவில்லை.